அம்மாவின் உயரம்

"உசரம் எவ்வளவும்மா?" என்று சவப்பெட்டி செய்கிறவர் போனில் இரண்டாம் தடவை கேட்டபோதுதான், அது தனக்குத் தெரியாது என்பது இளையவளுக்கு உறைத்தது. அம்மாவின் ரத்த அழுத்தம், மாத்திரைகளின் நிறம், எந்தப் பக்கம் திருப்பினால் முனகுவாள் என்பது வரை ஒன்பது வருஷமாக அத்துப்படி. உயரம் மட்டும் தெரியவில்லை. விடிகாலையில் அம்மா போனதிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை, வந்ததெல்லாம் கொட்டாவிதான். அவளுக்கே அது வெட்கமாக இருந்தது.

வெளியூரிலிருந்து வந்துகொண்டிருந்த அண்ணனிடம் கேட்டாள். அவனுக்குச் சந்தேகமே இல்லை.

"அஞ்சே முக்கால் அடி. பெரிய பெட்டியாவே சொல்லிடு. அம்மா என்னைவிட உசரம், மறந்துட்டியா?"

மறக்கவில்லை. ஞாயிறு ஆராதனைக்கு முதல் ஆளாகப் போய்க் கடைசி பெஞ்சில் உட்காருகிறவள் அம்மா. "நான் முன்னாடி உக்காந்தா பின்னாடி இருக்கறவங்க என் முதுகுக்குத்தான் ஆமென் சொல்லணும்" என்பாள். அந்த அம்மாவை அண்ணன் பார்த்து ஆறு வருஷம் ஆகிறது. முதுகு கூனி, எலும்பு தேய்ந்து, இவள் ஒருத்தியே தூக்கிக் குளிப்பாட்டுகிற அளவுக்கு அவள் சுருங்கிப்போனது போனில் எப்படித் தெரியும்?

"அவ்வளவு இல்லண்ணா. பெரிய பெட்டின்னா உள்ள உருளுவாங்க."

"நீயா அம்மாவக் குட்டையாக்காத. சர்ச்சே வந்து பாக்கும்."

சுருக்கென்றது. சண்டை போடத் தெம்பில்லை. ஆனால் பெட்டியைத் தூக்கும்போது அம்மா அங்கேயும் இங்கேயும் இடிபட விடவும் முடியாது. இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அம்மாவைக் கீழே விட்டவள் இல்லை அவள்.

பெட்டி செய்கிறவரை மறுபடியும் கூப்பிட்டாள்.

"நாலு மணிக்கு அடக்கம்னா இப்பவே பலகை அறுக்கணும்மா. டேப்பு இல்லையா? அப்ப பக்கத்துல படுத்துப் பாருங்க. உங்க உசரம் தெரியுமில்ல? நான் லைன்லயே இருக்கேன்."

போனைத் தலையணையில் வைத்துவிட்டு அம்மாவின் பக்கத்தில் படுத்தாள். தலைக்குத் தலை சரியாக வைத்துக்கொண்டு காலை நீட்டினாள். அம்மாவின் பாதம் அவளுடைய கெண்டைக்காலோடு நின்றுவிட்டது.

"என்னைவிட ஒரு சாண் கம்மி. நாலரை அடி போதும்."

"நிச்சயமாத்தானே சொல்றீங்க?"

"நிச்சயமா."

"சரிம்மா. அகலம்?"

அவள் திரும்பி, அம்மாவின் தோளுக்குக் குறுக்கே கையைப் போட்டாள்.

"அகலம் சொல்லுங்கம்மா... லைன்ல இருக்கீங்களா?"

அகலம் பார்க்கப் போட்ட கை அம்மாவின் மேலேயே கிடக்க, இளையவள் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.