பச்சைப் பொட்டு

கிழக்கு வெளுப்பதற்குள் நாற்பது வண்டிகள் அவள் கையைத் தாண்டிப் போய்விட்டன.

வண்டி என்றால் முழு வண்டி அல்ல. கதவில்லாத, சீட்டில்லாத, சக்கரமில்லாத கூடு. அது லைனில் நகர்ந்து வரும். அவள் வலது முழங்காலை உள்ளே ஊன்றி, இடுப்பை ஒடித்து, கூரையில் தலை இடிக்காமல் நுழைந்து, பின்சீட்டு பெல்ட்டைத் தரையோடு பிடித்து வைக்கும் நான்கு போல்ட்டுகளை முடுக்க வேண்டும். கையில் இருக்கும் கன் கிர்ரென்று சுற்றி, இறுக்கம் சரியானதும் டக்கென்று ஒரு சத்தம் போட்டு நிற்கும். அந்த டக் கேட்ட பிறகு போல்ட்டின் தலையில் பச்சை மையால் ஒரு பொட்டு. முடுக்கியாயிற்று, முடுக்கியவள் நான் என்பதற்கு அதுதான் அத்தாட்சி. நான்கு டக், நான்கு பொட்டு, வெளியே வா, அடுத்தது. பெயின்ட்டும் ரப்பரும் கிரீஸும் கலந்த வாடை மூக்கில் ஏறினால் வீட்டுக்குப் போய் எத்தனை சோப்புப் போட்டாலும் இறங்காது.

அவள் இடதுகைக்காரி. அதனால் ஆலையில் அவளுக்கு இடக்கை என்றே பெயர். அவள் வைக்கும் பொட்டுக்கு ஒரு பக்கமாகச் சின்ன வால் ஒன்று இருக்கும். "அக்கா வெக்கிறது பொட்டா, எலிக்குஞ்சா?" என்று கேலி செய்வான் அடுத்த நிலையத்தில் சீட்டைப் பொருத்தும் நெட்டையன்.

முன்பெல்லாம் ஒரு வண்டிக்கு எழுபது விநாடி. ஏழு மாதத்துக்கு முன்னால் அது ஐம்பத்திரண்டு ஆனது. புது மாடல் சக்கைப்போடு போடுகிறதாம், வாங்குகிறவர்கள் காத்துக் கிடக்கிறார்களாம். காத்திருப்பவர்கள் சும்மாதான் இருந்தார்கள்; அவசரமெல்லாம் விற்கிறவனுக்கு. பதினெட்டு விநாடியை எங்கே போய்த் தேடுவது? லைனில் நிற்கிறவர்கள் ஆளுக்கொரு வழி கண்டுபிடித்தார்கள். அவள் கண்டுபிடித்தது இது: நுழையும்போதே நான்கு பொட்டையும் வைத்துவிடுவது, பிறகு கன்னை எடுத்து வரிசையாக முடுக்கிக்கொண்டே வெளியே வருவது. கன்னையும் மையையும் மாற்றி மாற்றி எடுக்கிற நேரம் மிச்சம். மற்ற நிலையங்களில் நீல மைக்காரனும் சிவப்பு மைக்காரியும் அதையேதான் செய்தார்கள். யாரும் யாருக்கும் சொல்லிக்கொள்ளவில்லை.

இத்தனைக்கும் ஜப்பானில் பிறந்த கம்பெனி அது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் ஒரு படம் போட்டுக் காட்டுவார்கள். நிறுவனர் இளவயதில் மீன்பிடிப் படகுகளுக்கு இன்ஜின் பழுது பார்த்தவர். அவர் கை வைத்த படகு ஒன்று கடலுக்குப் போய்த் திரும்பவே இல்லை. அதன் பிறகு பட்டறையின் குறுக்கே ஒரு கயிற்றைக் கட்டி, நுனியில் படகு மணியைத் தொங்கவிட்டார். யாருக்குச் சந்தேகம் வந்தாலும் இழுக்கலாம், இழுத்தால் மொத்தப் பட்டறையும் நிற்க வேண்டும். படகிலிருந்து லாரி, லாரியிலிருந்து கார், ஒரு தீவிலிருந்து இருபது நாடு. கயிறும் கூடவே வந்தது. இங்கேயும் ஒவ்வொருவர் தலைக்கு மேலும் வெள்ளைக் கயிறு போகிறது. மணிக்குப் பதில் பாட்டு. நிலையத்துக்கு ஒரு பாட்டு, கயிற்றைப் பிடித்திருக்கும்வரை ஓடும். அவளுடையது பொம்மை ரயில் ஓடும்போது வருமே, அந்த மாதிரி ஒரு மெட்டு.

அதைக் கேட்டு ஏழு மாதம் ஆயிற்று. ஐம்பத்திரண்டு வந்த அன்றே கயிற்றுக்குப் பக்கத்தில் ஒரு பலகையும் வந்தது. யார் எத்தனை முறை இழுத்தார்கள் என்பது அதில் ஏறும். மூன்று முறை இழுத்தால் தனி அறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, ஏன் இழுத்தேன் என்று நாள் முழுக்க எழுத வேண்டும். அந்த நிறுவனர் மறுபடி பிறந்து வந்து இழுத்தாலும் அவரையும் சுவரைப் பார்த்து உட்கார வைத்திருப்பார்கள்.

அந்த வண்டி ஒரு திங்கட்கிழமை வந்தது.

இவர்கள் செய்த வண்டிதான், புது மாடல், சாம்பல் நிறம். முன்பக்கம் நசுங்கி, ஒரு விளக்கு போய், மிச்சமிருந்த ஒற்றைக் கண்ணோடு ஆலை வாசலுக்கு எதிர்ப்புறம் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். இறங்கவில்லை, கத்தவில்லை, அட்டை பிடிக்கவில்லை. முதல் ஷிப்ட் உள்ளே போகும்போது வந்தார், வெளியே வந்த பிறகு போனார். மறுநாளும் வந்தார். அதற்கடுத்த நாளும். கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கும் ஆயிரம் பேரும் அந்தப் பக்கம் பார்க்காமலே இறங்கப் பழகிக்கொண்டார்கள்.

வியாழக்கிழமை அவர் இறங்கி வந்தார். கூட்டத்தில் வேறு யாரிடமாவது போயிருக்கக் கூடாதா? நேராக அவளிடம் வந்து சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்து நீட்டினார்.

"ஏம்மா, நீ உள்ளதானே வேலை பாக்குற? இந்தப் பச்சை எதுக்கும்மா?"

போல்ட்டு. தலையில் பச்சைப் பொட்டு. பொட்டுக்கு ஒரு வால்.

"முன்னாடி போன லாரி திடீர்னு நின்னுடுச்சு. எனக்கு ஒரு கீறல் இல்ல. பின்னாடி உக்காந்திருந்த என் வீட்டுக்காரி போயிட்டா. இது அவ சீட்டுக்கு அடியில கழண்டு கெடந்துச்சு. கம்பெனிக்காரங்க மூணு மாசம் வண்டிய வெச்சுப் பாத்தாங்க. அந்தம்மா பெல்ட்டே போடலன்னு எழுதிட்டாங்க. பச்சைக் குறி இருக்கு, அதனால ஆலையில சரியாத்தான் முடுக்கியிருக்கு, அப்புறம் வெளிய யாரோ கழட்டியிருக்கணும்னு சொல்றாங்க." அவர் குரலில் கோபமே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "அவளுக்கு ஒரு கை விளங்காது. நான்தான் தினமும் மாட்டிவிடுவேன். அன்னைக்கு மாட்டினேனா இல்லையான்னு இப்ப எனக்கே தெரியலம்மா. எங்கப்பா காலத்துலேருந்து இந்தக் கம்பெனி வண்டிதான், இது மூணாவது. பணம் காசெல்லாம் நான் கேக்கல. மாட்டினேனா, இல்லையா? அது மட்டும் தெரிஞ்சா போதும்."

அவள் திரும்பி நடந்தாள். நடந்தாள் என்ன, ஓடினாள்.

அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. சாலையில் சாம்பல் வண்டி எது போனாலும் கண் பின்சீட்டுக்குப் போனது. ஒரு வண்டியில் இரண்டு குழந்தைகள் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு அவளைப் பார்த்துச் சிரித்தன. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எந்த நாள், எந்த வண்டி, எந்தப் போல்ட்டு? லைன் லீடர் கூப்பிட்டுத் திரும்பிய ஒரு நொடியா? தும்மல் வந்த நேரமா? ஒன்றா, ஒன்பதா? ஞாபகம் இருந்தால்தானே! பொட்டு வைத்த இடத்தை முடுக்கிய இடம் என்று கண் ஏற்றுக்கொண்டிருக்கிறது. பாத்திரம் தேய்க்கும்போதும் இடது கட்டைவிரல் தன்பாட்டுக்கு ஒரு பொட்டு வைத்தது. அதைப் பார்த்து அவளே பயந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் புருஷன் தன் வாடகை வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தான். அதுவும் இதே கம்பெனி வண்டிதான். அவளுக்குக் கல்யாணமான புதிதில் வாங்கியது. அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவன் நிறுத்த மாட்டான்: ஏழு வருஷத்தில் ஒரு நாள் கழுத்தறுத்ததில்லை, ஒரு பிரசவம் இதற்குள்ளேயே நடந்திருக்கிறது, இன்ஜினைத் தாலாட்டி வளர்த்திருக்கிறேன், இத்யாதி. அவள் ஸ்பானரோடு பின்சீட்டைத் தூக்கிவிட்டுக் குனிந்ததைப் பார்த்ததும் அவன் குழாயை மூடினான்.

"என்னடி தேடுற?"

"போல்ட்டு இறுக்கமா இருக்கான்னு பாக்குறேன்."

"இருக்கும். பின்னாடி ஏறுறவங்க எல்லாம் என்னை நம்பித்தானே ஏறுறாங்க."

"உங்கள இல்ல. என்னை."

போல்ட்டு அசையவில்லை. எழுபது விநாடிக் காலத்துப் போல்ட்டு. அவள் அந்தச் சீட்டிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லி அழுதாள். அவன் ஈரத் துணியைப் பிழிந்துகொண்டே கேட்டான். பிழிய ஒன்றும் இல்லாத பிறகும் பிழிந்துகொண்டிருந்தான்.

"வேலை போனா போகட்டும்னு சொல்ல எனக்குத் தெம்பு இல்ல," என்றான் கடைசியில். "ஆனா அந்த மனுஷன்கிட்ட சொல்லிடு. இந்த வண்டியில நான் இனி எப்படி ஆள் ஏத்துவேன், சொல்லு."

திங்கட்கிழமை காலை லைன் லீடர் ஒரு தாளோடு காத்திருந்தார். அவரும் பதினாறு வருஷம் கன் பிடித்தவர்தான். இப்போது கழுத்தில் ஸ்டாப் வாட்ச் தொங்குகிறது. 'குறியிடப்பட்ட ஒவ்வொரு இணைப்பும் முடுக்கிய பின்னரே குறியிடப்பட்டது' என்று தாளில் அச்சடித்திருந்தது. கீழே எல்லோர் பெயரும். வாத்தியாரின் வாயை அடைக்க அந்த ஒரு தாள் போதும்.

"படிக்கவெல்லாம் வேணாம்மா, போட்டுடு," என்றார் அவள் முகத்தைப் பார்க்காமல். நெட்டையன் ஏற்கெனவே போட்டிருந்தான்.

"அப்புறம் போடுறேண்ணே," என்று அவள் கன்னை எடுத்தாள்.

முதல் கூடு வந்தது. நுழைந்தாள். முடுக்கினாள், டக். பொட்டு. முடுக்கினாள், டக். பொட்டு. மூன்றாவதற்குள் வண்டி அவள் எல்லைக்கோட்டைத் தாண்டப் பார்த்தது. அவள் வெளியே எட்டிக் கயிற்றைப் பிடித்து இழுத்தாள்.

லைன் நின்றது. பொம்மை ரயில் பாட்டு கொட்டகை முழுக்க ஓடியது. அவள் நிதானமாக மூன்றாவதையும் நான்காவதையும் முடித்துவிட்டு வெளியே வந்தாள்.

அடுத்த வண்டிக்கும் இழுத்தாள். அதற்கடுத்ததற்கும். ஐந்தாவது தடவை ஆலை மேலாளரே வந்துவிட்டார்.

"எதுக்கும்மா இழுக்குற?"

"முடுக்க நேரம் பத்தல சார்."

"ஏழு மாசமா பத்திச்சே?"

"பத்தல சார். பத்தின மாதிரி பொட்டு வெச்சோம்."

மேலாளர் குரலைத் தாழ்த்தினார். "என்ன பேசுறோம்னு தெரிஞ்சுதான் பேசுறியா? உன் தப்ப உன் வாயாலயே சொல்ற."

"தப்புதான் சார். ஒரு உயிர் போயிருக்கு. நான் பொட்டு வெச்சேன், ஒத்துக்கறேன். ஐம்பத்திரண்டு யாரு வெச்சது?"

"ஒருத்தி செஞ்ச தப்புக்கு ஆலையவே நிறுத்தச் சொல்றியா?"

"ஆலைய நிறுத்தச் சொல்லல. எழுபதுக்குப் போங்க. இந்த ஏழு மாச வண்டியெல்லாம் திரும்பக் கூப்பிட்டு முடுக்கிக் குடுங்க. அந்த வாத்தியார்கிட்ட உண்மையச் சொல்லுங்க."

"இவ ஒருத்திதான் அப்படிச் செஞ்சிருக்கா," என்று மேலாளர் மற்றவர்களைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார். "மத்தவங்க எல்லாம் ஒழுங்கா வேலை செய்யிறவங்க. கையெழுத்தே போட்டிருக்காங்க."

நெட்டையன் தொண்டையைச் செருமினான். "சார், அந்தத் தாளையும் பேனாவையும் கொஞ்சம் குடுங்க."

"எதுக்கு?"

"காலையில அவசரத்துல பொட்டு வெச்ச மாதிரி போட்டுட்டேன். அடிச்சுட்டுத் தர்றேன்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கண்ணாடி பொருத்தும் சிவப்பு மைக்காரி, "என்னுதும் அதே கதைதான் சார்," என்றாள். மேலாளர் சிரிக்கவில்லை. காவலாளியைக் கூப்பிட்டு, இவளை வெளியே கொண்டுபோய் விடு, விசாரணை முடிகிறவரை உள்ளே காலெடுத்து வைக்கக் கூடாது என்றார். பிறகு லைன் லீடரைத் திரும்பிப் பார்த்தார். "இவ எடத்துல நீ நில்லு. உனக்கு மறந்திருக்காது. இனிமே இழுக்கிறவன் யாரா இருந்தாலும் இவகூட வாசல்ல போய் நிக்கலாம்."

வாசலைத் தாண்டினாள். மாசா மாசம் வீட்டுக்குள் வருவது பாதியாகப் போகிறது. அவளுக்கும் அது தெரியும். சாலையைக் கடந்து ஒற்றைக்கண் வண்டியின் பக்கத்தில் போய் நின்றாள்.

"ஐயா, பின்கதவத் திறக்குறீங்களா? உக்காந்து பேசணும்."

வாத்தியார் இறங்கி வந்து திறந்தார். அவள் ஏறி உட்கார்ந்தாள். கதவைச் சாத்தாமல் அவர் குனிந்தார். கை அதுபாட்டுக்கு அவள் தோளுக்கு மேலே போய் பெல்ட்டைப் பிடித்து இழுத்தது. கீழே பிடிமானம் இல்லாத பெல்ட்டு முழுசாகக் கையோடு வந்தது. அவர் அதைப் பிடித்தபடியே நின்றுவிட்டார்.

"மாட்டுனீங்க ஐயா," என்றாள் அவள். "அன்னைக்கும் இப்படித்தான் மாட்டியிருக்கீங்க. நான்தான் முடுக்கல. அந்தப் பொட்டு என்னோடது. முடுக்காம வெச்ச பொட்டு."

அவர் பெல்ட்டின் நுனியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அன்னைக்கு மாட்டிட்டீங்களான்னு அவ கேட்டா," என்றார் பிறகு. "ம்னு சொன்னேன். சும்மா சொல்லிட்டேனோன்னு நெனச்சு நெனச்சு..." பெல்ட்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். அவளை மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

"எழுதித் தருவியா?"

"தர்றேன். என் பேரப் போட்டே தர்றேன்."

அப்போது ஆலைக்குள்ளிருந்து ஒரு பாட்டு கேட்டது. கண்ணாடிக்காரியின் பாட்டு. அது முடிவதற்குள் நெட்டையனின் வாத்துப் பாட்டு. பிறகு சக்கரம், விளக்கு, கதவு. ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, மெட்டெல்லாம் குழம்பி, காதைப் பிளக்கிற ஒரே இரைச்சலாயிற்று.

"என்னம்மா சத்தம் அது?"

"எங்க ஆளுங்க ஐயா. நிறுத்துறாங்க."

அவளுக்கு எல்லாப் பாட்டும் தெரியும். விரல் விட்டு எண்ணினாள். ஒன்றே ஒன்று குறைந்தது, அவளுடையது. அது வராது, அவள் இடத்தில் நிற்பது லீடர். நாளைக்கு இவர்களில் எத்தனை பேர் இந்தச் சாலையில் நிற்பார்களோ.

அந்த இரைச்சலுக்கு நடுவே, தயங்கித் தயங்கி, பொம்மை ரயில் ஓட ஆரம்பித்தது. அவள் வண்டியைவிட்டு இறங்கி நின்று கேட்டாள். வாத்தியாரும் பெல்ட்டைக் கையில் பிடித்தபடி பக்கத்தில் வந்து நின்றார். பாட்டு நிற்கவில்லை. லீடர் கயிற்றை இன்னும் விடவில்லை.