லிஃப்டில் எடுத்த பாடம்

எடை மெஷினை ஆஸ்பத்திரி லிஃப்டின் நடுவில் வைத்துவிட்டு, மகள் கேமராவைத் தரையோடு தாழ்த்திப் பிடித்தாள். பக்கத்தில் சக்கர நாற்காலியில் அப்பா. நாற்பது வருஷம் லிஃப்ட் ரிப்பேர் பார்த்தவர். அவர் இதயம் இரண்டு நாள் தாங்கினாலே பெரிது என்று டாக்டர் காலையில்தான் சொல்லியிருந்தார், அவரிடமே.

"அப்ப இன்னிக்கே எடுத்துருவோம்" என்றார் அப்பா.

எந்த வயதுக்காரரும் காசில்லாமல் படிக்கும்படி இணையத்தில் ஓர் அறிவியல் வகுப்பை உருவாக்கிக்கொண்டிருந்தாள் மகள். எட்டாவதோடு பள்ளியை விட்ட அப்பாதான் ஒவ்வொரு பாடத்தையும் முதலில் படித்துப் பார்ப்பவர். எடை பற்றிய பாடத்தை அவள் ராக்கெட்டில் தொடங்கியிருந்தாள். அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

"ராக்கெட்டுல யாரும்மா போயிருக்கா? லிஃப்டுல எல்லாரும் போறாங்க."

துணைக்கு வந்திருந்த நர்ஸ் மெஷினில் ஏறத் தயங்கினாள். "என் வெயிட்ட ஊரே பாக்குமே சார்."

"கிளம்பறப்ப கூடும், நிக்கறப்ப குறையும். எது நெசம்னு யாருக்குத் தெரியப்போகுது? ஏறும்மா."

லிஃப்ட் மேலே கிளம்பியது. அறுபத்தொன்று அறுபத்தேழானது. நடுவில் மறுபடி அறுபத்தொன்று. மேல்தளம் நெருங்கியதும் ஐம்பத்தைந்து.

"நடுவுல ஏன்ப்பா மாறல? வேகமாத்தானே போறோம்?" என்று கேமராவுக்காகக் கேட்டாள்.

"ஒரே சீரா போறப்ப ஒடம்புக்கு ஒண்ணும் தெரியாது. வேகம் மாறினாத்தான் தெரியும்." இருமல் வந்தது. "இத வெட்டிடு."

மூன்றாம் முறை கதவு திறந்தபோது, வெளியே காத்திருந்து எரிச்சலானவர்களே "நாங்களும் ஏறிப் பாக்கலாமா?" என்றார்கள். அப்பா ஒவ்வொருவரையாக ஏற்றினார். அவர் அப்படிச் சிரித்து மாதக்கணக்காகியிருந்தது.

மதியம் கட்டிலில் சாய்ந்து அந்த வீடியோவைப் பார்த்தார். "நர்ஸம்மா மூஞ்சியையும் காட்டியிருக்கலாம்" என்றார். மகள் குறித்துக்கொண்டு நிமிர்ந்தாள். வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. அவர் போயிருந்தார்.

அடக்கம் முடிந்த ஐந்தாம் நாள் வகுப்பைத் திறந்தாள். இருமலை அவள் வெட்டவில்லை. சாயங்காலத்துக்குள் நானூறு பேர் சேர்ந்திருந்தார்கள். எடை மெஷினோடு அலுவலக லிஃப்டில் ஒன்பது தடவை போய்வந்ததாக ஒரு வாட்ச்மேன் எழுதியிருந்தார். படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள். உடனே அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்துக்கொண்டாள்.

கூடத்திலிருந்து அம்மா கூப்பிட்டாள்.

"ஏண்டி, இது வயசு கேக்குது. உள்ளதப் போடவா, கொறச்சுப் போடவா?"

மகள் போய்ப் பார்த்தாள். கம்ப்யூட்டர் பக்கமே வராத அம்மா, வகுப்பில் சேரும் படிவத்தின் முன் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு, கீபோர்டில் ஒற்றை விரலால் ஆறாம் எண்ணைத் தேடிக்கொண்டிருந்தாள்.