லஸ்ஹர் சொல்லாத பெயர்கள்

சவம் கிடத்திய சந்தூக்கைத் தோளில் ஏற்றிய நால்வரும் வாசலைத் தாண்டப் போகையில் மப்ரூக்கா குறுக்கே வந்து நின்றாள்.

"பொம்பளைங்க உள்ள போங்கம்மா" என்றார் இமாம். அவள் நகரவில்லை.

முன்பக்கம் தோள் கொடுத்திருந்தவன் நஜீப். ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரி. அடுத்த மாதம் நகராட்சித் தேர்தலில் நிற்கிறான். கூப்பிடாமலே வந்து சந்தூக்கைப் பிடித்தான். கூட வந்த ஆள் கைப்பேசியில் படம் எடுத்தான். சிலர் தடுக்கப் போனபோது, "தூக்கட்டும், விடுங்க" என்று சொல்லியனுப்பியவள் மப்ரூக்காதான்.

உள்ளே கிடந்தவன் அவள் கணவன் லஸ்ஹர்.

வேலை கேட்டு அந்தச் சுரங்க ஊரே ஆறு மாதம் தெருவில் நின்ற வருஷம், பெண்கள் தண்டவாளத்தின் மேல் கூடாரம் அடித்து உட்கார்ந்து பாஸ்பேட் ரயிலை மறித்தார்கள். அப்போதுதான் நஜீப் லஸ்ஹரைப் பிடித்துப் போனான். இருபத்து மூன்று நாள், கையையும் காலையும் சேர்த்துக் கட்டிக் கழியில் தொங்கவிட்டு அடித்தான். அதற்குள் தலைமறைவாயிருந்த தொழிற்சங்கத்துக்காரர்கள் ஐந்து பேர் சிக்கினார்கள். லஸ்ஹர்தான் காட்டிக்கொடுத்தான் என்று நஜீப் பரப்பினான். ஊர் நம்பியது. ஆட்சி கவிழ்ந்த பிறகும் நம்பியது. பதினொரு வருஷம், லஸ்ஹர் காப்பிக் கடையில் உட்கார்ந்தால் அந்த மேசையிலிருந்து ஆட்கள் எழுந்து போனார்கள். அடிபட்ட சிறுநீரகம் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்து, இன்று விடியும்போது அவனையும் கொண்டுபோயிற்று. செத்தவனோடு என்ன பகை என்று சங்கத்துக்காரர்களும் வந்திருந்தார்கள்.

"அடக்குறதுக்கு முன்னாடி மய்யித்து எப்படிப்பட்டவர்னு சாட்சி சொல்லணும்ல?" என்றாள் மப்ரூக்கா. "இவன் சொல்லட்டும். இருபத்து மூணு நாள் கூடவே இருந்தவன்."

"நல்ல மனுஷன், தங்கச்சி. அல்லாஹ் ரஹ்மத் செய்யட்டும்" என்றான் நஜீப்.

"அது எனக்குத் தெரியும். யார் பேரைச் சொன்னாரு? அதைச் சொல்லு."

"இப்ப எதுக்கும்மா அதெல்லாம்? மய்யித்தைக் காக்க வைக்கக் கூடாது. வழி விடு" என்றான் அவன்.

"பதினொரு வருஷம் காத்திருந்தாரு. இன்னும் கொஞ்சம் இருப்பாரு."

நஜீப் சந்தூக்கை இறக்கப் பார்த்தான். மற்ற மூவரும் குனியவில்லை. பின்னால் நின்ற அமோர், அந்த ஐவரில் ஒருவன், நான்கு வருஷம் சிறையில் கிடந்தவன், "நில்லுய்யா" என்றான். மகள் ரீம் தன் கைப்பேசியை நஜீபின் முகத்துக்கு நேரே பிடித்தாள். அவனுடைய ஆள் தன்னுடையதைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

"மய்யித்து உன் தோள்ல இருக்கு" என்றாள் மப்ரூக்கா. "இப்பப் பொய் சொல்லு, பாப்போம்."

வெயிலில் நஜீபின் தலைச்சாயம் கரைந்து கன்னத்தில் கறுப்பாக இறங்கியது. அதைத் துடைக்க அவனுக்குக் கை ஒழியவில்லை.

"போன்ல ஒட்டுக் கேட்டோம்" என்று முணுமுணுத்தான்.

"சத்தமா."

"அஞ்சு பேரையும் போன்ல ஒட்டுக் கேட்டுத்தான் புடிச்சோம்! இவன் கடைசி வரைக்கும் வாயத் தொறக்கல."

அமோர் மப்ரூக்காவின் பக்கம் திரும்பினான்.

"மப்ரூக்கா, நாங்க..."

அவள் அவனைப் பார்க்கவேயில்லை. ஒதுங்கி வழி விட்டாள்.

"கபரஸ்தான் வரைக்கும் இவனே சுமக்கட்டும். தோள் மாத்த யாரும் வரக் கூடாது."

மேட்டுப் பாதையில் சந்தூக்கு ஏறி மறையும்வரை நின்றாள். நஜீபுக்கு இரண்டு இடத்தில் கால் இடறியது. யாரும் கை கொடுக்கவில்லை.

பிறகு முற்றத்துக்குத் திரும்பினாள்.

"ரீம், சங்கத்துலேர்ந்து கொண்டுவந்த நாற்காலியெல்லாம் தெருவுல எடுத்து வை."

"ஏம்மா? அடக்கிட்டு வந்து உக்காருவாங்களே? சமைச்ச கூஸ்கூஸ் வேற அவ்வளவு இருக்கு."

"உங்கப்பாகூட உக்காராதவங்களுக்கு இன்னிக்கு எதுக்கு நாற்காலி?"

உச்சி வெயிலில் ஆண்கள் திரும்பி வந்தபோது கதவு சாத்தியிருந்தது. அமோர் ஒருமுறை தட்டினான். உள்ளே இரண்டு தட்டுகளில் கரண்டி படும் சத்தம் மட்டும் கேட்டது. வெகுநேரம் சுவரோரம் நின்றார்கள். பிறகு அமோர் ஒரு நாற்காலியை எடுத்துத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டான். மற்றவர்களும் ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டு, வரிசையாக, சங்க அலுவலகம் இருக்கும் பக்கம் நடந்தார்கள்.