இரண்டு விமானத்துக்கு ஒரு வால்விளக்கு

தான் இறந்துபோன செய்தி கோர்டி ஹம்மலுக்குத் தெரியவந்தபோது அவர் துணி உலர்த்தும் இயந்திரத்துக்குப் பின்னால் மல்லாந்து கிடந்தார். மூக்கு நிறையப் பஞ்சுத் தூசி. வாயில் ஒரு திருகாணி. வாசல் மணி அடித்தது. எழுந்து வரவே அவருக்கு நேரமாகிவிட்டது. ஆனால் அதற்கு முன்னால் அந்த வால்விளக்கு விவகாரத்தைச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் இந்தக் கதையே தலையும் வாலும் புரியாது.

கான்சஸ் மாநிலத்தில் எல்ம் ஃபோர்க் என்ற ஊரில் சொந்தமாக விமானம் வைத்திருந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் கோர்டி, பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். இன்னொருவர் வெர்லின் டெக்கர்ட், பன்றி வளர்ப்பவர். இருவரிடமும் இருந்தது ஒரே மாதிரியான பழைய செஸ்னா விமானம், இரண்டு பேர் இடித்துக்கொண்டு உட்காரலாம். ஒரே தகரக் கொட்டகையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. வெர்லின் காசு விஷயத்தில் கெட்டியானவர். காபி வடிகட்டும் தாளை அலசிக் கொடியில் காயப் போடுகிற மனிதர்.

அந்தப் புத்தாண்டிலிருந்து புதுச் சட்டம் வந்தது. பெரிய நகரத்து வானத்துக்குள் நுழைகிற விமானம் எதுவானாலும், நான் இன்னார், இங்கே, இவ்வளவு உயரத்தில் பறக்கிறேன் என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கும் கருவியைப் பொருத்தியிருக்க வேண்டும். வயல்வெளிக்கு மேலேயே சுற்றிக்கொண்டிருப்பவர்களை யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் வெர்லின் விச்சிடா நகரத்துக்குப் போயாக வேண்டும். விச்சிடா விமான நிலையத்தில் சொந்த விமானத்தில் வந்து இறங்குகிறவர்களுக்குச் சோளப்பொரி இலவசம்.

"ஒரு பை பொரிக்காக நீ எரிக்கிற பெட்ரோல்ல ஒரு பொரிக்கடையே வைக்கலாம்டா" என்றார் கோர்டி.

"பெட்ரோல் நான் வாங்கறது. பொரி அவன் குடுக்கறது. ரெண்டையும் போட்டுக் குழப்பாதே."

இருவரும் ரோண்டாவிடம் போனார்கள். சுற்று வட்டாரத்தில் சின்ன விமானங்களுக்கு இருந்த ஒரே மெக்கானிக் அவள்தான். எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "முன்பலகையைப் பிரிச்சு, புது ரேடியோவோட சேத்துப் பெரிய பெட்டி மாட்டலாம். அதுக்கு ஆகிற காசுக்கு உங்க விமானமே வராது. இல்லேன்னா வால்ல இருக்கிற விளக்கைக் கழட்டிட்டு அதே இடத்துல ஒண்ணு திருகலாம். பாத்தா விளக்கு மாதிரியேதான் இருக்கும், உள்ள கருவி இருக்கும். உள்ளதுலயே மலிவு அதுதான். அதைவிட மலிவு வேணும்னா விச்சிடா பக்கமே போகாதீங்க. ஒரு செலவும் இல்ல."

"கம்பி போட்ட எடத்தோட நின்னுக்க நான் என்ன பன்றியா?" என்றார் வெர்லின்.

அன்று இரவெல்லாம் யோசித்திருப்பார் போலிருக்கிறது. மறுநாள் முகமெல்லாம் பளபளக்க வந்து நின்றார். "ரோண்டா, ஒரே திருகாணிதானே? கழட்டி மாட்டறது ஒரு வேலையா? நானும் இவனும் ஒரே நாள்ல பறக்கறதில்ல. ஒரு விளக்கு வாங்கி மாத்தி மாத்தி மாட்டிக்கிறோம்."

"அது எந்த விமானத்தோட நம்பரைப் போட்டு வெச்சிருக்கோ அதைத்தான் கத்தும் வெர்லின். ஒவ்வொரு தடவையும் போன் வழியா நம்பரை மாத்தணும். ஒவ்வொரு தடவையும் நான் சோதிச்சுக் கையெழுத்துப் போடணும்."

"அதான் நீ இருக்கியே."

"நான் இல்ல. இந்தப் பேச்சு என் காதுலயே விழல" என்று சொல்லிவிட்டு, இஞ்சின் சத்தத்துக்கு மாட்டும் காதடைப்பானை எடுத்து மாட்டிக்கொண்டாள் ரோண்டா. அங்கே எந்த இஞ்சினும் ஓடிக்கொண்டிருக்கவில்லை.

ஆளுக்குப் பாதி போட்டு ஒரு விளக்கு வாங்கினார்கள். குளிர்காலம் முழுக்க ஏற்பாடு ஒழுங்காகவே நடந்தது. நம்பரை மாற்றுவது கோர்டியின் போனில். வெர்லினின் போன் மடக்குகிற ரகம். இதில் ஒரு பக்கவிளைவும் இருந்தது. அந்தக் கருவி சொல்வதையெல்லாம் இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். கோர்டியின் மனைவி மார்வெல் அதைப் பார்க்கக் கற்றுக்கொண்டாள். அவளிடமிருந்து லூத்தரன் சபையில் போர்வை தைக்கும் பெண்கள் கற்றுக்கொண்டார்கள். கோர்டி வானத்தில் எந்தப் பண்ணையின் மேல் வட்டமடித்தாலும் மாலைக்குள் அதற்குக் காரணம் கேட்டார்கள்.

மார்ச் மாதத்தில் ஒரு சனிக்கிழமை. துணி உலர்த்தும் இயந்திரத்தைச் சரிசெய்யாமல் வீட்டைவிட்டு நகர மாட்டேன் என்று மார்வெலிடம் சத்தியம் செய்திருந்தார் கோர்டி. அவள் தையலுக்குப் போய்விட்டாள். கோர்டியின் போன் வாசலில் நின்ற டிரக்கிலேயே கிடந்தது. அந்த நேரம் பார்த்து வெர்லினுக்குப் பொரி ஆசை வந்தது. விளக்கைக் கழற்றித் தன் விமானத்தில் மாட்டினார். நம்பரை மாற்றச் சொல்லக் கோர்டியைக் கூப்பிட்டார். மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. ஒரு நாள்தானே என்று கிளம்பிவிட்டார்.

சரி, இப்போது வாசல் மணிக்கு வருவோம்.

கதவைத் திறந்தால் ஷெரிஃப் அலுவலகத்து இளம் போலீஸ் அதிகாரி ஒருவர் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். கொலராடோவிலிருந்து வேலைக்கு வந்து அந்த வாரம்தான் சேர்ந்தவர். சட்டையில் லோக்விஸ்ட் என்று பெயர் இருந்தது.

"சார், நீங்க கோர்டன் ஹம்மலுக்குச் சொந்தக்காரரா?"

கோர்டி திருகாணியை வாயிலிருந்து எடுத்தார். "என்னைவிடக் கிட்டத்துச் சொந்தம் அவனுக்கு யாரும் கிடையாது."

"உக்காருங்க சார்."

"ஏன்?"

"தயவுசெஞ்சு உக்காருங்க. நின்னுட்டிருக்கறவங்ககிட்டச் சொல்லக்கூடாதுன்னு பயிற்சியில சொல்லிக் குடுத்திருக்காங்க." கோர்டி உட்கார்ந்தார். "கோர்டன் ஓட்டிட்டுப் போன விமானம் ஹட்சின்சனுக்குத் தெக்க ஒரு மேய்ச்சல் நிலத்துல இறங்கியிருக்கு சார். அதுக்கப்புறம் சிக்னல் இல்ல. தேடிட்டிருக்காங்க. ஆனா..."

"கோர்டன் நான்தான்."

லோக்விஸ்ட் அவர் தோளில் மெல்லக் கைவைத்தார். "அதிர்ச்சியில இப்படித்தான் இருக்கும் சார். மெதுவா மூச்சு விடுங்க."

ஓட்டுநர் உரிமத்தைக் காட்டலாமென்றால் அது போனோடு டிரக்கில் இருந்தது. டிரக்கை நோக்கி நடந்தவரை லோக்விஸ்ட் விடவில்லை; இந்த மனநிலையில் நீங்கள் வண்டி ஓட்டக்கூடாது என்றார். கோர்டிக்கு அப்போதுதான் வேறொரு பயம் பிடித்தது. தன் விமானத்தை எவனோ திருடிக்கொண்டு போய் விழுந்திருக்கிறான்! செத்தவன் திருடனாகவே இருந்தாலும் பாவம்தான். ஆனாலும் அந்த இறக்கைக்குப் போன கோடையில்தானே பெயிண்ட் அடித்தோம் என்று மனம் கிடந்து அடித்துக்கொண்டது.

அதற்குள் தெரு முழுக்கக் கார்கள். தையல் பெண்கள் இறங்கினார்கள். அவர்களில் வேகக்காரியான ஆர்லிஸ் என்ற பெண்மணி இவ்வளவு நேரத்துக்குள் சாவு வீட்டுக்கென்றே செய்கிற சீஸ் உருளைக்கிழங்கைச் சூடாகத் துணி சுற்றி ஏந்தி வந்திருந்தார். எப்போது செய்தார் என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. நேராக உள்ளே வந்தவர் கோர்டியிடமே தட்டை நீட்டி, "அடுப்புல வெச்சுடுங்க, மார்வெல் தாங்கமாட்டா" என்றார். கோர்டி வாங்கி வைத்தார். வைத்துவிட்டுத் திரும்பினால் ஆர்லிஸ் சுவரைப் பிடித்துக்கொண்டு அலறிக்கொண்டிருந்தார்.

மார்வெல் கடைசியாக வந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. கணவனைப் பார்த்தாள். கையிலிருந்த போனைப் பார்த்தாள். மறுபடி கணவனைப் பார்த்தாள்.

"நீ வீட்டுலயா இருக்கே?"

"ட்ரையரை சரி பண்றேன்னு சொன்னேனே."

"நீ சொன்னா நான் நம்புவேனா? நீ ஹட்சின்சன்ல இருக்கேன்னு இதுல போட்டிருக்கே!" தைக்கும் பையாலேயே அவர் தோளில் ரெண்டு போட்டாள், பிறகு அதே தோளில் முகம் புதைத்துக்கொண்டாள். "அப்போ அதுல இருக்கறது யாரு கோர்டி?"

அவள் கேட்ட பிறகுதான் கோர்டிக்குப் பொறி தட்டியது. விமானம் அவருடையதாக இருக்க வேண்டியதில்லை. கத்தியது விளக்கு. விளக்கு யாரிடம் இருக்கும்?

இந்த முறை யாரும் சொல்லாமலேயே உட்கார்ந்தார். எல்லோருமாகச் சேர்ந்து தனக்காக அழுதபோது அவருக்குச் சிரிப்புத்தான் வந்தது. இப்போது ஒரு பன்றிக்காரனின் அலசிய காபித் தாள்கள் கொடியில் ஆடுவது கண்ணுக்குள் வந்து நின்றது. "ஐலாகிட்ட நான்தான் போய்ச் சொல்லணும்" என்றார். ஐலா வெர்லினின் மனைவி. "அவன் நம்பரை மாத்தத்தான் எனக்குப் போன் பண்ணியிருப்பான். நான் எடுக்கல."

ஆர்லிஸ் மார்வெலின் போனையே முறைத்துக்கொண்டிருந்தார்.

"எழுந்துட்டார்!" என்று கத்தினார் ஆர்லிஸ். "கோர்டி எழுந்துட்டார்! மேல போறார்!"

எல்லோரும் போனைச் சுற்றிக் கவிந்தார்கள். மேய்ச்சல் நிலத்தில் செத்துக் கிடந்த கோடு அசைந்து, ஊர்ந்து, வளைந்து எல்ம் ஃபோர்க்கை நோக்கி வந்துகொண்டிருந்தது. லோக்விஸ்ட் ரேடியோவில் அலுவலகத்தை அழைத்தார். "இறந்தவர் திரும்பி வந்துட்டிருக்கார்" என்றார். கொஞ்சம் யோசித்து, "இறந்தவர் என் பக்கத்துலயும் இருக்கார்" என்றும் சேர்த்துக்கொண்டார். நீ வீட்டுக்குப் போய்ப் படு என்று பதில் வந்தது.

வெர்லின் தரையிறங்கியபோது ஓடுபாதை ஓரத்தில் தீயணைப்பு வண்டி, ஆம்புலன்ஸ், போதகர், தையல் பெண்கள், துணி சுற்றிய தட்டுகள் எல்லாம் வரிசையாக நின்றன. அவர் இஞ்சினை அணைக்கவில்லை. ஜன்னலை மட்டும் ஒரு விரல் அளவுக்குத் திறந்தார்.

"யாரு செத்தது?"

அத்தனை பேரும் கோர்டியைக் கைகாட்டினார்கள்.

கோர்டி போய்க் கதவைத் திறந்து, அந்தக் குண்டு மனிதரை இருக்கை வாரோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார். "எங்கடா போய்த் தொலைஞ்சே?"

"விச்சிடாக்காரன் உள்ள விடல. வாயில ஒரு நம்பர் சொல்றே, வால்ல வேற நம்பர் சொல்லுது, முதல்ல நீ யாருன்னு முடிவு பண்ணிட்டு வான்னு திருப்பி அனுப்பிட்டான். பொரியும் போச்சு. வர்ற வழியில எர்வின் மாட்டுப்பண்ணையில இறங்கினேன். மீன் வறுத்தான், சாப்பிட்டேன். நீ ஏன்டா அழறே?"

"தூசி. ட்ரையர் தூசி."

வெர்லின் கைக்குட்டையை எடுத்து நீட்டினார். இதுவரை அவர் யாருக்கும் எதையும் கொடுத்து யாரும் பார்த்ததில்லை என்பதால் தையல் பெண்கள் அதற்கும் ஒரு மூச்சு அழுதார்கள்.

வந்த சாப்பாட்டை வீணாக்கக் கூடாது என்று கொட்டகையிலேயே தட்டுகளைப் பிரித்தார்கள். ரோண்டா உருளைக்கிழங்கை அள்ளிக்கொண்டே வந்தாள். அன்றைக்கு அவள் காதில் எல்லாமே விழுந்தது.

"ரெண்டு விமானம், ஒரு விளக்கு, ரெண்டு கிழவனுங்க. இதுல எது அதிகம்னு எண்ணத் தெரியாதா? ஒரு விமானத்தை வித்துடுங்க. விளக்கு ஒரே எடத்துல கிடக்கட்டும். ஆளுங்க மாறி மாறி உக்காருங்க. நான் ஒரே தடவை கையெழுத்துப் போட்டுட்டு நிம்மதியா இருப்பேன்."

இதைவிட மலிவான வழி வெர்லினுக்கே தோன்றியதில்லை. எதை விற்பது என்பதில்தான் சண்டை வந்தது. அது மே மாதம் வரை ஓடியது. இறக்கையில் புதுப் பெயிண்ட் என்றார் கோர்டி. என் இஞ்சின் கம்மியா எண்ணெய் குடிக்கும் என்றார் வெர்லின். கடைசியில் ஓக்லஹோமாவிலிருந்து விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ளும் ஒரு நர்ஸ் வந்து, எதையும் கேட்காமல் வெர்லினுடையதைத் தேர்ந்தெடுத்தாள். அதன் நிறம் பிடித்திருந்ததாம்.

அது ஓடுபாதையை விட்டு எழும்பித் தெற்கே புள்ளியாகும் வரை வெர்லின் கொட்டகை வாசலிலேயே நின்றார். கோர்டி தன் விமானத்தைக் கொட்டகையிலிருந்து தள்ளி வெளியே நிறுத்தினார். இடது பக்கக் கதவைத் திறந்துவிட்டு, தான் சுற்றிப் போய் வலது பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

வெர்லின் வந்து ஓட்டுகிறவனின் இருக்கையைக் கையால் அழுத்திப் பார்த்தார். "மெத்தை அமுங்கிக் கெடக்கு. உனக்கு அடிக்கத் தெரிஞ்சது பெயிண்ட் மட்டும்தான்" என்றார். பிறகு ஏறி உட்கார்ந்தார்.