மஞ்சள் தெளித்த மூங்கில்

"எறக்குங்க சார்! ஏனுங்க, ஒரு நிமிசம் நிறுத்தி எறக்குங்க!"

வசந்தாமணி ட்ரெய்லரோடு ஓட்டமும் நடையுமாக வந்தாள். அது மாட்டுவண்டி வேகத்தில்தான் போயிற்று. ஆனாலும் நிற்கவில்லை. இருபதடி உயரத்தில், ட்ரெய்லர் சுமந்த அந்த இரும்புக் கலத்தின் முதுகில், அவள் புருசன் சென்னிமலை தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தான். கரண்ட் அடித்து அரை மணிகூட ஆகவில்லை.

சாதாரணக் கலமா அது! அணு உலைக்குள் வைப்பது, கடல் தாண்டி வேறு தேசத்துக்குப் போகிறது. வாங்குகிற நாட்டுக்குக் கடன் கொடுத்ததும் நம் சர்க்கார், ஜாமீன் நின்றதும் நம் சர்க்கார். போகிற வழியில், மல்லூரில், மந்திரி பச்சைக்கொடியோடு காத்திருந்தார்.

"கயிறு கட்டி எறக்க அரை மணி ஆகும்மா," என்றார் ஜீப்பில் வந்த கம்பெனி ஆபீசர். "விழா முடியட்டும். வெளிநாட்டுக்காரங்க வந்திருக்காங்க, அங்க வந்து ஒப்பாரி வெக்காத."

"வாயில ஒரு சொட்டுத் தண்ணி ஊத்தோணுமுங்க."

"இனி எதுக்கும்மா தண்ணி?"

அட பாவி மனுசா!

குறுக்கே வரும் கரண்ட் கம்பிகளை மேலிருந்து மூங்கிலால் தூக்கிவிடுவது சென்னிமலையின் வேலை. லைனை நிறுத்தியாயிற்று என்று சொல்லியிருந்தார்கள். நிறுத்தவில்லை. அப்படியே ஆனாலும் காய்ந்த மூங்கிலில் கரண்ட் எப்படி இறங்கும் என்று டிரைவர் புலம்பிக்கொண்டே ஓட்டினார்.

ராத்திரி ரோட்டோரம் நின்ற வண்டி காலையில் அவர்கள் வீட்டு வாசலிலிருந்துதான் கிளம்பியது, ஒரு மணி நேரம்தான் ஆகிறது. இத்தனை பெரிய லோடு, பூசை போடாமல் விடுவாளா? மூங்கில் நுனியில் வேப்பிலை கட்டி, மஞ்சள் தண்ணீரைச் செம்பு செம்பாக ஊற்றினாள்.

"போதும் புள்ள, நனஞ்சு போச்சு," என்று சிரித்தான்.

"இருங்க, உங்களுக்கு ஒண்ணும் வரப்படாது," என்று இன்னொரு செம்பு ஊற்றினாள்.

முன்னால் அடுத்த கம்பி தெரிந்தது. ஆபீசர் கையைக் காட்டினார். கொழுந்தன் காளியப்பன் ஏணியில் கால் வைத்தான்.

"தம்பி, நீயுமா?"

"அண்ணன் பக்கத்துல ஒருத்தர் இருக்கோணுமில்ல நங்கை."

கீழே விழுந்த மூங்கிலை வண்டி ஓரத்தில் செருகியிருந்தார்கள். அதை உருவினான். கை நின்றது. வேப்பிலையைப் பிய்த்துப் போட்டான். தோளில் கிடந்த துண்டால் நுனியிலிருந்து அடிவரை துடைத்தான். கணுக்களில் அழுத்தி இன்னொரு முறை துடைத்தான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

துண்டை அவள் கையில் கொடுத்துவிட்டு மேலே ஏறினான். அது மஞ்சளாக, ஈரமாக இருந்தது.