அஞ்சு மணி வரைக்கும்

இடது கன்னத்தை மழித்துவிட்டு வலது கன்னத்தில் சோப்பு தடவும்போதுதான் அப்பாவின் மூச்சு நின்றிருப்பது நின்ஃபாவுக்குத் தெரிந்தது. பாதி முகத்தோடு விட மனம் வரவில்லை. மிச்சத்தையும் மழித்துத் துடைத்துவிட்டு அழுதாள்.

மணி ஒன்பதரை. செஃபலூ என்ற அந்தக் கடலோர ஊரில் சாவு விழுந்த வீட்டில் தெருக்கதவின் ஒரு பக்கத்தைச் சாத்தி, மறுபக்கத்தைத் திறந்துபோட வேண்டும். பார்த்தவர்கள் கூப்பிடாமலே வருவார்கள். கீழே ஓடினாள். அண்ணன் சாரோ குறுக்கே நின்றான்.

"எங்கே ஓடறே?"

"அப்பா போயிட்டாருண்ணே. கதவைத் திறக்கணும்."

சாரோ சிலுவை போட்டுக்கொண்டான். கண் கலங்கியது. கையோடு கடிகாரத்தையும் பார்த்தான். வாடகைக்கு விடும் மாடி அறைகளுக்குப் பதினோரு மணிக்கு ஜெர்மன்காரர்கள் வருகிறார்கள்.

"நாலரைக்கு அவங்க மலை ஏறப் போயிடுவாங்க. அஞ்சு மணிக்குத் திறந்துக்கலாம். அதுவரைக்கும் மூச்சு விடாதே."

"பெத்த அப்பாண்ணே! நெஞ்சில ஈரமே இல்லியா உனக்கு?"

"செத்தவருக்கு என்ன அவசரம்? பொணம் கிடக்கிற வீடுன்னா வாசல்லயே திரும்பிடுவாங்க. உனக்கும் இங்கேதான் சோறு, ஞாபகம் வெச்சுக்க."

புருஷன் விட்டுப்போன நாளிலிருந்து அண்ணன் சோறுதான். நின்ஃபா கதவைத் தொடாமல் திரும்பினாள்.

எதிர்வீட்டுத் தூரி, அப்பாவோடு முப்பது வருஷம் ஒரே படகில் போனவர். ஒரு வலைச் சண்டையில், "நீ செத்தாத்தான்டா உன் வாசல்ல கால் வைப்பேன்" என்று கத்திவிட்டுப் போனவர்தான். பதினோரு வருஷமாக எதிரே நாற்காலி போட்டு இந்த வாசலையே முறைத்துக்கொண்டிருந்தார். ஜன்னலிலிருந்து அப்பா அவரைத் திட்டாத நாள் கிடையாது.

அன்றைக்குப் பார்த்து, பத்து மணிக்குக் கதவைத் தட்டினார். கையில் ஒரு தட்டு பொரித்த மத்தி மீன்.

"போதும் பொண்ணு இந்த வீம்பு. அந்தக் கழுதை உயிரோட இருக்கும்போதே பேசிடறேன். முழிச்சிருக்கானா?"

முதுகுக்குப் பின்னால் சாரோ நின்றிருந்தான்.

"தூங்கறாரு மாமா."

"தூங்கட்டும், தூங்கட்டும். எழுந்ததும் ஒரு குரல் குடு."

போய்க் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். ஜெர்மன்காரர்கள் வந்தார்கள். சாரோ பல்லெல்லாம் தெரியச் சிரித்து வரவேற்றான். தெரு அழகாக இருக்கிறதென்று தூரியையும் சேர்த்துப் படம் எடுத்துக்கொண்டார்கள்.

"எழுந்துட்டானா?" மணிக்கொரு தரம் கேட்டார்.

"இன்னும் இல்லே மாமா."

"படகிலயும் இப்படித்தான், சோம்பேறி!"

ஐந்து மணிக்கு நின்ஃபா ஒரு பக்கத்துக் கதவை மட்டும் திறந்தாள். தூரி எழுந்து நின்று அதையே பார்த்தார். பிறகு தெருவைத் தாண்டி வந்தார்.

"எப்போ?"

"இப்பத்தான் மாமா, தூக்கத்துலயே" என்றான் சாரோ.

"ஐயோ, தூங்கட்டும்னு நான்தானே சொன்னேன்! படுபாவி நான்தானே சொன்னேன்!" தலையில் அடித்துக்கொண்டார்.

காலையிலேயே போய்விட்டார் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கிழவரின் பாரம் இறங்கிவிடும். நின்ஃபா அண்ணன் முகத்தைப் பார்த்தாள்.

"ஆமா மாமா. நல்லாத்தான் தூங்கிட்டிருந்தாரு."

தூரி சுவரைப் பிடித்துக்கொண்டு அப்பாவின் அறைக்கு ஏறினார். நின்ஃபா பின்னாலேயே போனாள். முத்தமிட அப்பாவின் கையை எடுக்கப் பார்த்தார். அது கட்டையாக விறைத்திருந்தது. கடலிலிருந்து எத்தனையோ பிணங்களை இழுத்துப்போட்டவர் அவர்.

"பத்து மணிக்கு நான் வந்தப்போ..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார்.

நின்ஃபா தரையைப் பார்த்தாள். தூரி நாற்காலியை இழுத்து, அவளுக்கு முதுகைக் காட்டிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.