இருபத்தாறாம் தேதி ஆகாது

நீலகண்டனுக்கு அன்று காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. கடையைத் திறந்தார். ஜெராக்ஸ் மெஷினைப் போட்டார், அணைத்தார், வாசலுக்கு வந்தார், மறுபடி உள்ளே போனார். மகள் தன்யாவுக்கு ஆபரேஷன் செய்துதான் குழந்தையை எடுக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். பனிக்குடத்தில் நீர் குறைந்துகொண்டே வருகிறதாம். ஒன்று, டிசம்பர் இருபத்தாறாம் தேதி வெள்ளிக்கிழமை. இல்லாவிட்டால் அவர் ஊருக்குப் போய்த் திரும்பி இருபத்தொன்பது, திங்கள். வெள்ளிதான் நல்லது, சாயங்காலத்துக்குள் சொல்லுங்கள் என்றிருந்தார். தலைப்பிரசவம் பிறந்த வீட்டுப் பொறுப்பு அல்லவா, முடிவு இவர் தலையில் விழுந்தது.

சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். அங்கேதான் வில்லங்கம். மட்டாஞ்சேரி கொச்சங்காடியில் அவருடைய ஸ்டேஷனரிக் கடை வாசலில் ஒரு கரும்பலகை உண்டு. 'இதே நாளில்' என்று தலைப்புப் போட்டு, அந்தத் தேதியில் உலகத்தில் என்றோ நடந்ததை மேலே மலையாளத்திலும் கீழே தமிழிலும் எழுதிவைப்பார். எந்தத் தேதியிலும் நல்ல காரியம் ஒன்றாவது நடந்திருக்கும்தான். ஆனால் இவர் சாக்பீஸை எடுத்தால் பூகம்பமும் புயலும் கவிழ்ந்த ரயிலும்தான் வரும். எதிர் டீக்கடை சேவியர், தூத்துக்குடிக்காரர், சாயாவைக் கொண்டுவந்து வைக்கும்போதே, "இன்னிக்கு எத்தனை பேரு சாமி?" என்பார். அன்று பலகையில் தனுஷ்கோடிப் புயல்.

இருபத்தாறு என்றால் சுனாமி. ஜோசியரே அந்த நாளுக்கு ஆட்சேபம் சொல்லவில்லை, இவர் சொன்னார். அந்த வருஷம் வைப்பின் தீவுப் பக்கத்து நிவாரண முகாமுக்குச் சோற்றுப் பொட்டலம் கொண்டுபோனவர் அவர். பொட்டலத்தை வாங்காமல், நீட்டிய கையைக்கூடப் பார்க்காமல் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணின் முகம் இன்னும் அவர் கண்ணில் நிற்கிறது. அந்தத் தேதியிலா என் பேரக்குழந்தை பிறக்க வேண்டும் என்று அவருக்கு மனம் ஒப்பவில்லை.

சரி, மற்ற தேதிகளைப் பார்ப்போம் என்று போனை எடுத்தார். இருபத்தேழு, துருக்கியில் பூகம்பம். இருபத்தெட்டு, இத்தாலியில் அதைவிட அதிகம் பேரைக் கொன்ற பூகம்பம். டாக்டரே ஊரில் இல்லாத தேதிகளைக்கூட மனுஷர் விட்டுவைக்கவில்லை. இருபத்தொன்பதுக்கு வந்தால், போன வருஷம்தான் கொரியாவில் விமானம் ஒன்று ஓடுபாதையைத் தாண்டிப் போய் மோதியிருந்தது. ஆனால் கொரியா எங்கேயோ இருக்கிறது. சுனாமி காயலைத் தாண்டினால் அந்தக் கரையில் வந்து அடித்தது. இருபத்தொன்பதே தேவலை என்று முடிவு கட்டினார். வல்லார்பாடம் கண்டெய்னர் டெர்மினலில் வேலை பார்க்கும் மாப்பிள்ளை சங்கர்ராம் விடாமல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். மாமனார் போனை எடுக்கவில்லை.

மத்தியானம் சாப்பிட வீட்டுக்குப் போனார். தன்யா ஒருக்களித்துப் படுத்திருந்தாள். திங்கட்கிழமை என்று சொல்லிவிடலாம் என்றார்.

"எனக்குப் பயமா இருக்குப்பா," என்றாள் தன்யா. "தேதியைப் பார்த்து இல்லை. தண்ணி கொறையறதே, அதை நெனைச்சு."

அதற்கும் பதில் வைத்திருந்தார். குழந்தை வருஷா வருஷம் கேக் வெட்டும்போது டிவியில் அலையைக் காட்டுவார்கள், ஊரே மெழுகுவர்த்தி ஏற்றி அழும், இது தேவையா என்று கேட்டார். தன்யா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தாள். அப்போதுதான் அவர் மனைவி ஸ்வர்ணலதா ரசக் கரண்டியோடு சமையலறையிலிருந்து வந்தாள்.

"ஏன்னா, இவ என்னிக்குப் பொறந்தா?"

இது ஒரு கேள்வியா? புரட்டாசி உத்திரட்டாதி என்றார். பாலக்காட்டிலிருந்து வந்து மட்டாஞ்சேரியில் வேரூன்றிய அந்தக் குடும்பத்தில் பிறந்தநாள் என்றால் நட்சத்திரம்தான். கோவிலில் ஒரு அர்ச்சனை, அதோடு தீர்ந்தது. பள்ளிக்கூடத்தில் சேர்க்க வயதைக் கூட்டி ஏதோ ஒரு மே மாதத் தேதியைக் கொடுத்தார்கள், சர்ட்டிபிகேட் முழுக்க அதுதான்.

"நட்சத்திரம் கேக்கலை. தேதி?"

புரட்டாசி என்றால் செப்டம்பரா அக்டோபரா என்று நீலகண்டன் விரல் விட்டு எண்ணினார். ஊர் உலகத்துத் தேதியெல்லாம் நாக்கு நுனியில் வைத்திருந்த மனுஷர், பெண் பிறந்தபோது சிவகாசியில் நோட்டுப் புஸ்தகம் கொள்முதல் செய்துகொண்டிருந்தார். தகவல் கிடைத்து வந்து சேர்ந்தபோது குழந்தை தொட்டிலில் இருந்தது.

"செப்டம்பர் முப்பது," என்றாள் ஸ்வர்ணலதா. "லத்தூர்ல பூகம்பம்னு ஆஸ்பத்திரி ரேடியோல சொல்லிண்டிருக்கான், இவ என் மடியில பால் குடிச்சிண்டிருக்கா. உங்ககிட்ட சொன்னா பயந்துப்பேள்னு சொல்லலை. வருஷா வருஷம் அன்னிக்குப் பலகையில லத்தூர்னு எழுதிட்டு வருவேள். நான் பாயசம் வெப்பேன். ரெண்டு டம்ளர் வாங்கிக் குடிப்பேள். எதுக்குடி இன்னிக்குப் பாயசம்னு ஒரு தரம் கேட்டிருக்கேளா?"

கேட்டதில்லை. சேமியாவா பாலடையா என்று மட்டும் கேட்டிருக்கிறார். வெட்கம் பிடுங்கித் தின்றது. இத்தனை வருஷமாக அந்தத் தேதி இந்த வீட்டுக்குள் நடமாடி, படித்து, கல்யாணம் கட்டி, இப்போது வயிற்றில் கை வைத்துக்கொண்டு படுத்திருக்கிறது. அதற்கு என்ன குறை வந்துவிட்டது? தன்யா இந்தப் பக்கம் திரும்பி அப்பாவைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் முன்பே தெரியும் போலிருந்தது. அவர் உட்காரக்கூட இல்லை. நின்றபடியே சங்கர்ராமைக் கூப்பிட்டு, வெள்ளிக்கிழமையே இருக்கட்டும் என்று டாக்டரிடம் சொல்லச் சொன்னார். அப்புறம் வந்து உட்கார்ந்தார். ரசம் ஆறிப்போயிருந்தது.

மறுநாளைக்கான பலகையை முதல்நாள் சாயங்காலமே எழுதிவிட்டுப் போவது அவர் வழக்கம். கிறிஸ்துமஸ் அன்று கடை அடைப்புதான், ஆனாலும் போய் எழுதினார். வழக்கத்தைவிட எழுத்துக் கோணலாக வந்தது.

வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர் நடந்த நடையில் மட்டாஞ்சேரியிலிருந்து திருப்பூணித்துறைக்கே போயிருக்கலாம். நர்ஸ் வந்து துணிச் சுருளைக் கையில் கொடுத்தபோது கால் நின்றது. பெண் குழந்தை. தன்யாவும் சுகம். மூக்கு அப்படியே ஸ்வர்ணலதாவுடையது. அவர் வாய்விட்டு அழுதார், யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று.

சேவியர்தான் முதலில் போன் செய்தார். விஷயத்தைக் கேட்டதும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. கடை வாசலிலேதான் நிற்கிறாராம், பலகையில் எழுதிவிடட்டுமா என்று கேட்டார்.

"எழுது," என்றார் நீலகண்டன்.

"அப்போ சுனாமிய அழிச்சுரவா சாமி?"

நீலகண்டன் குழந்தையைப் பார்த்தார். பொட்டலத்தை வாங்காத அந்தப் பெண்ணையும் நினைத்துக்கொண்டார்.

"வேண்டாம். அதுக்குக் கீழ எழுது."